சென்னைப் பாடமும் கொழும்புச் சந்தையும்

இப்போது கம்பஸில் தேத்தண்ணிக் கடைப் பக்கம் போனால் கிரிக்கெட்டை விட அதிகமாகக் காதில் விழுவது, "சப்போர்ட் உடைஞ்சிட்டுது", "ஆர்.எஸ்.ஐ. முப்பதுக்குக் கீழ வந்திட்டுது மச்சான்" போன்ற கதைகள்தான். கதைக்கிறவர்கள் முகாமைத்துவம் படிக்கிற பிள்ளைகள் மட்டும் இல்லை. நாடகமும் அரங்கியலும் படிப்பவர், புவியியல் படிப்பவர், என்னைப்போல வரலாறு படிப்பவர் என்று எல்லாரும் இருக்கிறம். 2020 செப்டெம்பரில் கொழும்புப் பங்குச் சந்தை தன்னுடைய கைபேசிச் செயலியை வெளியிட்ட பிறகு, கணக்குத் திறக்கக் கொழும்புக்குப் பஸ் ஏறத் தேவையில்லை. திருகோணமலையில் வீட்டு விறாந்தையில் இருந்தே திறக்கலாம். கணக்குத் திறந்த அடுத்த நாளே எல்லாருக்கும் ஒரு கேள்வி வருகிறது: எந்தப் பங்கைப் பார்க்கிறது?

என் தம்பிக்கும் அதுதான் கேள்வி. ஏ.எல். எழுதிவிட்டுக் காத்திருக்கிற காலத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதி 60,000 ரூபாய் சேர்த்திருந்தான். யூடியூப் பார்த்து, சார்ட் பார்த்து, பன்னிரண்டு பங்குகளை எடுத்து ஒரு வாட்ச்லிஸ்ட் செய்து எனக்கு அனுப்பினான். "அக்கா, வாங்க முதல் ஒருக்கா பார்த்துச் சொல்லு" என்றான். அவனுக்குப் பதில் சொல்வதற்காகத் தேடியதும் மூன்று மாதம் ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எனக்குப் பட்டது, அவன் படித்த பாடம் எல்லாமே சென்னையில் இருந்து வந்தது என்பது. அதில் ஆச்சரியம் இல்லை. சார்ட் பார்ப்பது பற்றித் தமிழில் கிடைக்கிற காணொளிகளில் பெரும்பாலானவை இந்தியச் சந்தையைப் பற்றியவை. நிப்டி, பேங்க் நிப்டி, ஒப்ஷன்ஸ். நல்லாச் சொல்லித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சந்தையும் எங்கட சந்தையும் ஒன்றில்லை. அங்கே ஒரு பெரிய கொம்பனிப் பங்கு ஒரு நாளில் இலட்சக்கணக்கான தரம் கைமாறும். இங்கே பட்டியலில் உள்ள பல பங்குகளுக்கு ஒரு நாளில் இருபது, முப்பது கொடுக்கல்வாங்கல் நடந்தாலே பெரிய விசயம். அந்த வித்தியாசம் சார்ட்டின் அர்த்தத்தையே மாற்றிவிடுகிறது.

சார்ட் என்றால் என்ன? கேண்டில் என்று சொல்கிற அந்த மெழுகுதிரிகள், அன்று தொடங்கிய விலை, முடிந்த விலை, ஆகக் கூடியது, ஆகக் குறைந்தது என்ற நாலு எண்களின் படம். இந்த முறைக்குத் தகப்பனாகச் சொல்லப்படுபவர் 18ஆம் நூற்றாண்டு யப்பானிய அரிசி வியாபாரி முனெஹிசா ஹொம்மா. அவருடைய ஊர் சக்கட்டா, எங்கட ஊர் மாதிரி ஒரு துறைமுக நகரம். அரிசிச் சந்தை ஒசாக்காவின் டோஜிமாவில் இருந்தது. அங்கே அரிசியை முன்கூட்டியே விலை பேசுகிற வியாபாரத்துக்கு 1730இல் அரசாங்க அனுமதியும் கிடைத்தது. ஹொம்மாவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் மெழுகுதிரியைச் சொல்கிறார்கள். அந்த ஆள் அரிசிக்காரர் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். விளைச்சல், மழை, களஞ்சியம், கப்பல் எல்லாம் தெரிந்த ஒருவர் பார்த்த படம் அது.

படத்தின் அடிப்படை எண்ணம் எளிமையானது. ஆயிரக்கணக்கான பேர் தங்களுக்குத் தெரிந்ததையும் பயத்தையும் ஆசையையும் காசாகச் சந்தையில் வைக்கிறார்கள், அதன் தடம் விலையில் விழும், அந்தத் தடத்தைப் படிக்கலாம் என்பதுதான். ஆர்.எஸ்.ஐ.யும் இதேதான். 1978இல் வெல்ஸ் வைல்டர் என்ற அமெரிக்கர் கொண்டுவந்த கணக்கு. கடைசி 14 நாட்களில் ஏறிய அளவின் சராசரியையும் இறங்கிய அளவின் சராசரியையும் ஒப்பிட்டு 0 முதல் 100 வரை ஒரு எண் தரும். 70க்கு மேல் என்றால் அளவுக்கு மிஞ்சி வாங்கிவிட்டார்கள், 30க்குக் கீழ் என்றால் அளவுக்கு மிஞ்சி விற்றுவிட்டார்கள் என்று வாசிப்பார்கள். 'வாங்கிவிட்டார்கள்', 'விற்றுவிட்டார்கள்' என்று பன்மையில்தான் வாசிக்கிறம். அங்கே உண்மையில் பன்மை இருக்கிறதா என்று பார்க்கிறதில்லை.

வரலாறு படிக்கிற எங்களுக்கு முதல் வருசத்திலேயே ஒன்றைப் பழக்கிவிடுவார்கள். ஒரு கல்வெட்டோ கடிதமோ கையில் கிடைத்தால், அது என்ன சொல்லுகிறது என்று பார்க்க முதல், யார் எழுதியது, யாருக்காக, எத்தனை பேருடைய குரல் இது என்று கேட்க வேண்டும். சார்ட்டும் ஒரு ஆவணம். தம்பியின் பன்னிரண்டு பங்குகளையும் அப்படித்தான் பார்த்தேன்.

அவனுடைய பட்டியலில் ஒரு ரூபாய்க்குக் கீழே விலை போகிற பங்கு ஒன்று இருந்தது. சார்ட்டில் அது பார்க்க அழகு. கீழே சப்போர்ட், மேலே ரெசிஸ்டன்ஸ், இடையில் பந்து மாதிரித் துள்ளுது. "சப்போர்ட்ல வாங்கி ரெசிஸ்டன்ஸ்ல வித்தா 20 வீதம் அக்கா" என்றான். கொழும்பில் விலை நகர்கிற ஆகச் சிறிய படி 10 சதம். 50 சதத்துக்குப் போகிற பங்கு ஒரு படி ஏறினால் 60 சதம். அது 20 வீதம்தான். ஆனால் அந்தத் துள்ளல் சந்தையின் மனநிலை இல்லை, அளவுகோலின் கோடு. வாங்குபவர் 50 சதத்தில் நிற்கிறார், விற்பவர் 60 சதத்தில் நிற்கிறார். நீங்கள் அவசரப்பட்டு 60,000 ரூபாய்க்கு 60 சதத்தில் வாங்கினால் ஒரு இலட்சம் பங்கு வரும். அடுத்த நிமிடம் மனம் மாறி விற்கப்போனால் 50 சதம்தான் கிடைக்கும். 10,000 ரூபாய் போயிற்று. கொம்பனிக்கு ஒன்றுமே நடக்கவில்லை.

அடுத்தது செலவு. கொழும்பில் 100 மில்லியன் ரூபாய் வரையான கொடுக்கல்வாங்கலுக்குத் தரகர் கூலி, சந்தைக் கட்டணம், மத்திய வைப்புக் கட்டணம், ஆணைக்குழுவுக்கான கட்டணம், பங்குப் பரிமாற்ற வரி எல்லாம் சேர்த்து 1.12 வீதம். வாங்கும்போதும் உண்டு, விற்கும்போதும் உண்டு. போய்வர 2.24 வீதம். தம்பியின் 60,000த்தை ஒருதரம் போட்டு, நாள் கடந்து வைத்திருந்து வாங்கின விலைக்கே எடுத்தாலும் 1,344 ரூபாய் இல்லை. காணொளியில் சொல்லுகிற மாதிரிச் சின்னச் சின்ன அலையைப் பிடித்து மாதம் பத்துத் தரம் செய்தால், ஒரு வியாபாரத்திலும் நட்டப்படாமலே கிட்டத்தட்ட 13,000 ரூபாய் போய்விடும். அவன் கடையில் இரவு வரை இருந்து சேர்த்த காசில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். இந்தியாவில் பங்கைக் கையில் எடுத்து வைத்திருப்பதற்குத் தரகுக் கூலியே வாங்காத கொம்பனிகள் இருக்கின்றன. அந்தக் கணக்கில் செய்த பாடத்தை இந்தக் கணக்கில் செய்ய முடியாது.

அங்கேயும் எல்லாரும் வென்றுவிடவில்லை. இந்தியாவின் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் பியூச்சர்ஸ், ஒப்ஷன்ஸ் வியாபாரம் செய்த தனிநபர்களில் 93 வீதமானவர்கள் நட்டப்பட்டிருக்கிறார்கள். கூட்டம் நிரம்பிய சந்தையில், செலவு குறைந்த இடத்தில், இது.

பன்னிரண்டில் இரண்டு எங்கட ஊரோடு சம்பந்தப்பட்டவை. அவற்றைத்தான் நான் ஆகக் கவனமாகப் பார்த்தேன். உட்துறைமுகத்தைச் சுற்றி இருக்கிற பெரிய ஆலைகளில் பிறிமா மா ஆலை சிங்கப்பூர்க் குழுமம் ஒன்றுக்குச் சொந்தம். அந்தக் கொம்பனி கொழும்புப் பட்டியலில் இல்லை. டோக்கியோ சீமெந்தும் சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் வைத்திருக்கிற லங்கா ஐ.ஓ.சி.யும் பட்டியலில் இருக்கின்றன.

டோக்கியோ சீமெந்து என்று பெயர் இருந்தாலும், 1982இல் அதைத் தொடங்கியவர் ஏ.வை.எஸ். ஞானம் என்ற தமிழ்த் தொழிலதிபர். யப்பானியக் கொம்பனி ஒன்று பங்காளி. கப்பலில் வருகிற கிளிங்கரை அரைத்து இங்கே சீமெந்து ஆக்குகிறார்கள். இந்தக் கொம்பனிக்கு இரண்டு வகைப் பங்கு உண்டு. ஒன்றுக்கு வாக்குரிமை இருக்கு, மற்றதுக்கு இல்லை. ஒரே ஆலை, ஒரே கப்பல், ஒரே இலாபம். ஆனால் சார்ட் இரண்டு. மூன்று மாதம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வந்தேன். ஒன்று ஏறிய நாளில் மற்றது இறங்கியதும் உண்டு. ஒன்றின் ஆர்.எஸ்.ஐ. 'வாங்கு' என்ற பக்கம் சாய்ந்த கிழமையில் மற்றது நடுவில் சும்மா நின்றதும் உண்டு. ஆலைக்கு ஒரே நாளில் இரண்டு சுகநிலை இருக்க முடியாது. மாறியது அந்த அந்தப் பங்கை அன்று வாங்கி விற்ற ஆட்கள். சார்ட் காட்டுவது கொம்பனியை இல்லை, ஆட்களை என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. தம்பிக்கும் இதைக் காட்டியபோதுதான் முதல்முதலாக "ம்ம்" என்றான்.

லங்கா ஐ.ஓ.சி.யின் கதை இதற்கு மறுபக்கம். 2022 ஜனவரி 6ஆம் திகதி சீனக்குடாத் தாங்கிகள் பற்றிய ஒப்பந்தம் கைச்சாத்தானது. மொத்தம் 99 தாங்கிகளில் 14 லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கொம்பனிக்கு. அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐ.ஓ.சி.க்கு 49 வீதம். அதன் பிறகு நடந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். மார்ச்சில் ரூபாய் விழுந்தது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளி கூட்டியது. 12ஆம் திகதி கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. யூன் 27 நள்ளிரவில் இருந்து அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறு ஒருவருக்கும் எரிபொருள் இல்லை என்றார்கள். அந்த நாட்களில் ஐ.ஓ.சி. செட்டுகளில் மட்டும் ஏதோ கிடைத்தது. நாங்கள் எல்லாரும் அந்த வரிசையில் நின்றோம், கான் வைத்துக்கொண்டு, கயிறு கட்டி இடம் பிடித்துக்கொண்டு.

அந்த வருசத்தின் நடுப்பகுதிக்கும் செப்டெம்பருக்கும் இடையில் அந்தப் பங்கு மூன்று மடங்குக்கும் மேல் ஏறியது. இப்போது யூடியூப்பில் அந்தச் சார்ட்டை வைத்து, "பாருங்க, இந்த இடத்துல பிரேக்அவுட்" என்று அம்புக்குறி போட்டுக் காட்டுவார்கள். முடிந்த பிறகு அம்புக்குறி போடுவது சுகம். 50 நாள் சராசரி 200 நாள் சராசரியை மேல்நோக்கி வெட்டுவதை 'கோல்டன் குரொஸ்' என்பார்கள். அது கணக்கின் இயல்பிலேயே பிந்தித்தான் வரும். கடந்த நாட்களின் சராசரி அல்லவா. வரிசையில் நின்றவருக்கு ஏற்கனவே தெரிந்திருந்த ஒன்று படத்தில் பிறகு விழுந்தது. அதுக்காக வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பங்கு வாங்கியிருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அரசாங்கம் விலையைக் கட்டிப்போட்டால் இதே கொம்பனி நட்டத்தில் விற்க வேண்டி வரும். அப்படி நட்டம் காட்டிய காலாண்டுகள் முன்பு இருந்திருக்கின்றன. 2023இல் சீனாவின் சைனோபெக் வந்தது, போட்டி வந்தது. விலை அந்த உச்சத்தில் நிற்கவில்லை. தாங்கியும் வேண்டும், விலைச் சூத்திரமும் வேண்டும், யார் போட்டிக்கு வருகிறார்கள் என்றும் தெரிய வேண்டும். ஹொம்மாவுக்கு அரிசி தெரிந்த மாதிரி.

அதே 2022இல் இன்னொரு பாடமும் இருக்கு. புத்தாண்டு விடுமுறைக்குப் பிறகு ஏப்ரல் 18 முதல் 22 வரை சந்தையை மூடினார்கள். 25ஆம் திகதி திறந்த அன்று மொத்த விலைச் சுட்டெண் 12 வீதத்துக்கு மேல் விழுந்தது, வியாபாரம் நிறுத்தப்பட்டது. இன்று சார்ட்டைத் திறந்து பாருங்கள், மூடியிருந்த அந்த ஐந்து நாட்களும் அதில் இல்லை. ஒரு மெழுகுதிரிக்குப் பக்கத்தில் அடுத்த மெழுகுதிரி. "ஸ்டொப் லொஸ் போட்டால் பயமில்லை" என்று பாடத்தில் சொல்லுவார்கள். கதவு பூட்டியிருக்கும்போது ஸ்டொப் லொஸ் எங்கே விற்பது? அவசரத்துக்கு அந்தக் காசு வேண்டியிருந்தவர்கள் அந்தக் கிழமை என்ன செய்திருப்பார்கள் என்பதைச் சார்ட் காட்டாது.

ஆட்கள் குறைந்த சந்தையில் படத்தைக் கீறவும் முடியும். போர் முடிந்த 2009இல் சுட்டெண் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது, 2010இலும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 2011 தொடக்கத்தில் உச்சம், பிறகு சரிவு. சிலர் சேர்ந்து சில பங்குகளின் விலையைத் தூக்கிவிட்டுப் பிறகு பொதுமக்கள் தலையில் கட்டினார்கள் என்ற குற்றச்சாட்டுகளைப் பிணையங்கள் ஆணைக்குழு விசாரிக்கத் தொடங்கியது. ஆணைக்குழுத் தலைவர் இந்திராணி சுகததாச 2011 டிசம்பரில் பதவி விலகினார். அடுத்து வந்த திலக் கருணாரத்ன 2012 ஓகஸ்டில் விலகினார். 'சந்தை மாஃபியா' என்ற சொல் பத்திரிகைகளில் அடிபட்டது. அந்தக் காலத்தில் தூக்கப்பட்ட பங்குகளின் சார்ட்டிலும் பிரேக்அவுட் இருந்திருக்கும், வொலியூமும் இருந்திருக்கும். கோட்டைக் கீறியவருக்கு, நாங்கள் கோட்டைத்தான் பார்ப்பம் என்று தெரியும்.

அப்படியென்றால் சார்ட்டே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. 1959இல் ஹரி ரொபர்ட்ஸ் என்ற சிக்காகோப் புள்ளிவிபரவியலாளர், எழுமாற்று எண்களை வைத்து ஒரு கோடு வரைந்து, அது பங்குச் சந்தைச் சார்ட் மாதிரியே இருப்பதைக் காட்டினார். தலையும் தோளும்கூட அதில் தெரிந்தன. அதை வாசித்த பிறகு, சார்ட்டைப் பதில் தரும் பொருளாகப் பார்க்கிறதை விட்டுக் கேள்வி கேட்கும் இடமாகப் பார்க்கலாம் என்று பட்டது.

இப்போது எங்கட கொப்பியில் ஒரு பங்கு ஏறுவதற்கு முதல் நாலு கேள்வி இருக்கு. கடந்த மூன்று மாதத்தில் ஒரு நாளாவது வியாபாரமே நடக்காமல் இருந்ததா? இருந்தால் அந்தப் பங்கின் ஆர்.எஸ்.ஐ.யைப் பார்க்க வேண்டியதில்லை, வெட்டு. 10 சதம் என்ற ஒரு படி அந்த விலையில் எத்தனை வீதம்? ஒரு வீதத்துக்கு மேல் என்றால் வெட்டு. பொதுமக்கள் கையில் எவ்வளவு பங்கு இருக்கு? கொம்பனிகளின் காலாண்டு அறிக்கையில் இது இருக்கும், ஆகப் பெரிய 20 பங்குதாரர்களின் பட்டியலோடு. லங்கா ஐ.ஓ.சி.யில் நாலில் மூன்று பங்குக்கு மேல் இந்தியன் ஒயிலிடம். நாங்கள் பார்க்கிற சார்ட் மிச்சக் காற்பங்கின் சார்ட். நாலாவது, விலை பாய்ந்த நாளில் என்ன செய்தி வந்தது? சந்தையின் இணையத்தளத்தில் அறிவித்தல்கள் திகதியோடு இருக்கின்றன. செய்தி எதுவும் இல்லாமல் பாய்ந்திருந்தால் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி.

இவ்வளவையும் தாண்டி வந்தால்தான் சார்ட். அதிலும் இரண்டே இரண்டு: 200 நாள் சராசரிக்கு மேலா கீழா, ஏறுகிற நாட்களில் கைமாறுகிற அளவு கூடுதா குறையுதா. பக்கத்தில் ஒரு வரி, பேனையால்: எந்த விலை வந்தால் நான் நினைத்தது பிழை என்று ஒத்துக்கொள்வேன். வாங்கிய பிறகு எழுதினால் மனம் பொய் சொல்லும், அதனால் வாங்க முதல்.

பன்னிரண்டில் மிஞ்சியது நாலு. தம்பிக்குக் கொஞ்சம் கோபம், ஏனென்றால் ஆக வேகமாக ஏறிக்கொண்டிருந்த இரண்டும் வெட்டுப்பட்டவற்றில்தான் இருந்தன. அதில் ஒன்று பிறகும் ஏறியது. அதையும் மறைக்காமல் கொப்பியில் எழுதினோம். ஏறியதற்காக அந்தப் பங்கு நல்ல பங்கு ஆகிவிடாது என்று நான் சொன்னேன். "விட்ட காசு காசுதான்" என்று அவன் சொன்னான். அந்த வாக்குவாதம் இன்னும் முடியவில்லை.

ஆனால் அவனோடு கதைத்ததில் எனக்கு விளங்கிய இன்னொரு விசயம்தான் என்னை யோசிக்க வைத்தது. "ஏன்டா, கொம்பனியின்ட அறிக்கையை வாசிச்சுப் பார்க்கலையா?" என்று கேட்டேன். "இருநூறு பக்கம் இங்கிலிஷ் அக்கா. சார்ட் எண்டா பார்த்தவுடன விளங்குது" என்றான். சோம்பல் என்று சொல்லத்தான் முதலில் வாய் வந்தது. பிறகு யோசித்தேன். கொழும்பில் பட்டியலில் உள்ள கொம்பனிகளின் ஆண்டறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. சார்ட்டுக்கு மொழி இல்லை. பச்சை, சிவப்பு, கோடு. தமிழில் மட்டும் படித்த ஒரு பிள்ளைக்கு இந்தச் சந்தையில் திறந்திருக்கிற ஒரே கதவு அதுதான். அந்தக் கதவுக்கு வெளியிலேயே, "சிக்னல் தாறம், மாதம் இவ்வளவு கட்டுங்கோ" என்று ஆட்கள் நிற்கிறார்கள். நாங்கள் சார்ட்டுக்குப் பின்னால் போவதற்குப் பேராசை மட்டும் காரணம் இல்லை.

அதனால் ஒரு யோசனை. டோக்கியோ சீமெந்தின் கடைசி ஆண்டறிக்கையை எடுத்து, ஒவ்வொருவரும் பத்துப் பத்துப் பக்கமாகப் பிரித்து, தமிழில் சுருக்கி எழுதிச் சேர்த்து வாசிப்பம். கணக்கு விளங்குகிற முகாமைத்துவப் பிள்ளை ஒருவர், ஆங்கிலம் ஓடுகிற ஒருவர், கிளிங்கர் கப்பல் எப்ப வருது எப்ப போகுது என்று தெரிந்த சீனக்குடாப் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தால் போதும். பங்கு வாங்குகிறமோ இல்லையோ, எங்கட துறைமுகத்தில் இருக்கிற ஒரு ஆலையின் கணக்கை எங்கட மொழியில் ஒருதரமாவது வாசித்திருப்பம். வர விரும்புகிறவர்கள் சொல்லுங்கோ. முதல் பத்துப் பக்கம் என்னுடையது.